எங்கள் வேலியும் பிரான்சின் சுவரும்

"உங்க ஊர்ல இவ்ளோ விஷயம் இருக்கும்போது இது எதுக்கும்மா உங்களுக்கு?"

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் குழுவில் மூத்தவர், வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர். என் ஆய்வுத் திட்டம் அவர் கையில் இருந்தது. நாடுகள் தம் போர் உத்திகளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பது நான் கொடுத்திருந்த தலைப்பு. அவர் அதைப் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி என் முகவரியைப் பார்த்தார். கவரைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் பேசினார். அத்திப்பட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது, காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்த பிறகு மீனவர்களின் நிலை இருக்கிறது, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். இதில் எதை எடுத்தாலும் என்னால் உள்ளேயிருந்து எழுத முடியும் என்றார். 'உள்ளேயிருந்து' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டு வந்த மாணவன் சென்னை நகரத்துக்காரன். தென்சீனக் கடலைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறான். அவனிடம் அவன் தெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். அவன் என்ன, தென்சீனக் கடலுக்கு உள்ளேயிருந்தா வந்தான்? இதை நான் அங்கே கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன்.

விழுங்கியதற்குக் காரணம் பயம் இல்லை. அதற்குள் நான் ஒரு தடவை சிரிப்புக்கு ஆளாகியிருந்தேன். "டிட்டரன்ஸ்னா என்ன, தமிழ்லயே சொல்லுங்க பாப்போம்" என்று குழுத் தலைவர் கேட்டார். அவர் ஒரு பெண்மணி. எதிரியை மிரட்டியே தடுத்து நிறுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் புத்தகத்தில் உள்ளபடி சொல்லியிருப்பேன். தமிழில் யோசித்த நொடியில் எங்கள் ஊர்த் தமிழ்தான் முன்னால் வந்து நின்றது.

"சவுண்டு உடுறதுங்க மேடம்" என்றேன்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டார். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தலைப்ப மாத்திக்கிட்டு அடுத்த திங்கட்கிழமை வாங்க. உங்களுக்கு எடம் கெடைச்ச மாதிரிதான்" என்றார். மாற்றாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. மாடிப்படியில் என் நெறியாளராக வர ஒத்துக்கொண்டிருந்த ஆசிரியர் சொன்னார்: "மாத்திடும்மா. அவர் மனசு வெச்சா நடந்துடும், வெக்கலைன்னா இந்த வருஷம் போச்சு."

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அத்திப்பட்டைத் தாண்டும்போது புகைபோக்கிகள் தெரிந்தன. அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது அன்றைக்குத்தான். ஏதோ அவைதான் என்னைக் காட்டிக் கொடுத்தாற்போல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். நைனாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அதனால் நான் என்ன படிக்கிறேன் என்பது எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாக உலவிக்கொண்டிருந்தது. பாதுகாப்பியல் என்று நான் முதுகலை சேர்ந்தபோது அம்மா அதை 'செக்யூரிட்டி' என்று மொழிபெயர்த்துத் தெருவில் சொல்லிவிட்டாள். நைனா குடோனில் செக்யூரிட்டி வேலைதான் பார்க்கிறார். நீலச் சட்டை, விசில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

"செக்யூரிட்டி வேலைக்கு இத்தினி வருசம் படிக்கணுமாம்மே? உங்க நைனா ஒரே நாள்ல சேந்துட்டாரே" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"அவுரு கேட்டுக்கு. நான் நாட்டுக்கு" என்றேன்.

அதிலிருந்து நான் மிலிட்டரியில் சேரப் போகிறேன் என்று பரவிவிட்டது. ஓட்டப் பயிற்சிக்கு எங்கே போகிறேன் என்று பெண்கள் கேட்டார்கள். ஆண்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டார்கள், மிலிட்டரி கேன்டீன் சரக்கு எப்போதிலிருந்து கிடைக்கும் என்று.

திங்கட்கிழமை விஷயத்தை வீட்டில் சொன்னேன். அம்மா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவுங்க சொல்ற தலைப்ப எழுதிக் குடுத்தா இன்னா?"

"குடுத்தா சேத்துக்குவாங்க."

"அப்ப குடு."

"மாட்டேன்."

அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப நான் சொல்றத கேட்டுக்க. திங்கக்கெழம அவுங்க ஒத்துக்கலன்னா, உங்க மாமா கொண்டாந்துருக்கற எடத்துக்கு நான் சரின்னு சொல்லிடுவேன். பேஜாரு புடிச்சவகிட்ட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல."

மாமா கொண்டு வந்த இடத்துக்கு வருவதற்கு முன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமாவைச் சொன்னால் எங்கள் வேலியையும் சொல்ல வேண்டும். அந்த வேலி இல்லையென்றால் நான் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டேன்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் நிலத்தில் நெல் நாற்றைப் பக்கத்து நிலத்துக்காரரின் மாடுகள் மேய்ந்துவிட்டன. அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே கால்வாய்த் தண்ணீர், ஒரே களம். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாட்டைக் கட்டிப் போட்டிருப்பார். ஆனால் அன்று மாமா வீட்டில் இருந்தார். அம்மாவின் அண்ணன். மனை போடுகிறவர்களுக்கு வேலி கட்டித் தருகிற ஒப்பந்த வேலை அவருக்கு. ஒரு இடத்தில் மிஞ்சிய கல்லுக்கால்களும் முள்கம்பிச் சுருளும் அவரிடம் சும்மா கிடந்தன.

"மச்சான், சொல்லிக்கினு இருந்தா நாலு நாள் கேப்பான், அஞ்சாவது நாள் அவுத்து உடுவான். வேலி போட்டுடு. சாமான் எங்கிட்ட கீது" என்றார் மாமா.

அவ்வளவுதான். வேலி வந்தது. மாடு ஒரு பிரச்சினை, அதற்கு ஏற்ற வழி எது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. மாமாவின் கையில் வேலி இருந்தது, அதனால் வேலியே வழி ஆயிற்று. அவர் கையில் மூங்கில் இருந்திருந்தால் படல் வந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வயலைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டால் அதற்கு அர்த்தம் மாடு இல்லை. அந்த நிலம் விற்பனைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கால் நட்ட வாரத்திலேயே தரகர்கள் பைக்கை நிறுத்தி நைனாவிடம் விலை கேட்டார்கள். சித்தப்பாவும் அதைப் பார்த்தார். அவருடைய நிலத்துக்கு வண்டி போகிற வழி எங்கள் வரப்பை ஒட்டித்தான். நாங்கள் விற்றுவிட்டால், வாங்குகிறவன் வழியை அடைப்பான், அடைத்த பிறகு அவர் நிலத்தை யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கணக்கு அப்படி ஓடியது. நாங்கள் முந்துவதற்குள் அவர் முந்திக்கொண்டார். குடோன் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு தரகரிடம் நிலத்தைக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் இருவரும் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டதை நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

"மாட்டுக்குத்தான்டா போட்டேன் வேலிய" என்றார் நைனா.

"அத்த வந்து சொல்றதுக்கு இன்னா?"

"நீ வந்து கேப்பன்னு இருந்தேன்."

"நீ வந்து சொல்லுவன்னு நான் இருந்தேன்."

குடோன் எழும்பியது. மண்ணைக் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் நிலத்திலேயே தேங்கியது. அந்தப் பட்டத்துப் பயிர் அழுகிப் போனது. அடுத்ததும் அப்படியே. நைனா அதே குடோனின் கேட்டில் நீலச் சட்டையோடு உட்கார்ந்தார். எங்கள் வேலி இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் மதில், இந்தப் பக்கம் கம்பி. உள்ளே வர மாடு இல்லை.

முதுகலை முதல் பருவத்தில் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டார். ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு காரியம் செய்கிறது, அடுத்த நாட்டின் கண்ணுக்கு அது தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிகிறது, அந்த நாடு பயந்து முந்திக்கொள்கிறது என்றார். வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் நிலத்துக்கு நடந்தது எதுவென்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, உலகம் முழுக்க அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆனால் புத்தகங்களில் ஒன்று எனக்கு ஒட்டவே இல்லை. நாடு என்பது ஒரே ஆள் போல உட்கார்ந்து, ஆபத்தை அளந்து, தன் பலத்தைப் பார்த்து, தாக்குவதா காப்பதா மிரட்டுவதா என்று தேர்ந்தெடுப்பதாகப் பல இடங்களில் எழுதியிருந்தது. எங்கள் வீடே அப்படித் தேர்ந்தெடுக்கவில்லையே. யார் சத்தமாகப் பேசினார், யார் கையில் என்ன சாமான் மிஞ்சியிருந்தது என்பதுதானே முடிவு செய்தது. தேடிப் படித்தபோது நாடுகளும் அப்படித்தான் இருந்தன. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரிய படைகள் பாய்ந்து தாக்குவதையே நம்பின. இயந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் காத்து நிற்பவனுக்கே சாதகம் என்பது கண்ணெதிரே இருந்தும் நம்பின. தாக்குதல்தான் தளபதிகளுக்குத் தெரிந்த வேலை, அதில்தான் அவர்களுக்கு மரியாதை. அந்தப் போரில் அடிபட்ட பிரான்ஸ் அடுத்த போருக்காக எல்லையில் சுவர் போலக் கான்கிரீட் கோட்டை வரிசை கட்டியது. எதிரி கோட்டை இல்லாத பக்கமாக வந்தான். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரு மாமா இருக்கிறார். அவர் கையில் இருப்பதுதான் அந்த நாட்டுக்கு வரும் எல்லா ஆபத்துக்கும் மருந்து.

இதைத்தான் நான் ஆராய வேண்டும் என்றேன். இதைத்தான் மாற்றச் சொன்னார்கள்.

இனி மாமா கொண்டு வந்த இடம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலும் மாமா கையில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பையன் ராணுவத்தில் சிப்பாய், விடுமுறைக்கு வந்திருந்தான். பொண்ணு மிலிட்டரி படிக்குது, மாப்பிள்ளையும் மிலிட்டரி. மாமாவுக்கு அதற்கு மேல் பொருத்தம் பார்க்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டாவுக்கே வந்துவிட்டார்கள். பையன், அவனுடைய அம்மா, கூடவே மாமா.

பையனின் அம்மா வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "நீ பெரிய ஆபீசரா பூட்டா எம்புள்ள உனக்கு சல்யூட் அடிக்கணுமாமே, நெசமாம்மா?"

"ஊட்ல அடிக்க வேணாம் அத்த" என்றேன். மாமா மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

நான் படிப்பது அந்த மிலிட்டரி இல்லை, எந்த நாடு எப்படிச் சண்டை போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், ஏன் அப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைப் படிக்கிறேன் என்று விளக்கினேன். பையனின் அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா வடையைப் பார்த்தார். பையன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அமைதியான முகம். வடக்கே மலை எல்லையில் இருந்ததாகச் சொன்னான்.

"அங்க மேல ஏறி நிக்கறதா, கீழ எறங்கி நிக்கறதான்னு யாரு சொல்லுவாங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஆர்டர் வரும்ங்க. ஏறுன்னா ஏறுவோம், நில்லுன்னா நிப்போம்."

"ஏன் இங்க நிக்கறோம்னு கேப்பீங்களா?"

"கேக்கறது எங்க வேலை இல்லீங்க." அவன் இதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

"அப்ப அது யாரோ ஒருத்தர் வேலையா இருக்கணும் இல்ல?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கணும்ங்க" என்றான்.

அவர்கள் போன பிறகு மாமா என்மேல் பாய்ந்தார். "மாப்ளைய பாக்கச் சொன்னா நீ இன்னா இன்டர்வியூ எடுத்துக்கினு கீற?" நைனா கேட்டுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "அவன் நல்ல பையன்தான்" என்றார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நல்ல பையன் என்பதால் நான் என் கேள்வியை விட்டுவிட முடியாது. அவனை அந்த மலையில் யார் நிறுத்தினார்கள் என்பதுதான் என் கேள்வி.

திங்கட்கிழமை நான் அதே தாளைக் கொண்டு போனேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மூத்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பழைய தாளைத் தவறுதலாகக் கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

"மாத்தின பேப்பர் எங்கம்மா?"

"இதுதான் சார். மாத்தல."

நெறியாளர் தரையைப் பார்த்தார். ஏன் மாற்றவில்லை என்று தலைவர் கேட்டார். நான் வேலிக் கதையைச் சொன்னேன். மாமாவின் கல்லுக்கால், சித்தப்பாவின் பயம், வாசலில் நின்று இருவரும் பேசியது, எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் மூத்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதைத்தானேம்மா நான் கேட்டேன். அருமையான கள ஆய்வு. விளைநிலம் எப்படிக் கைமாறுது, விவசாயி எப்படிக் காவலாளி ஆகறார். இதையே எழுதுங்க. கண்ணீர் வருது."

போன வாரம் விழுங்கியதை இந்த வாரம் விழுங்கவில்லை.

"சார், பிரான்ஸ் சுவர் கட்டினதச் சொன்னா அது கோட்பாடு. எங்க நைனா வேலி போட்டதச் சொன்னா அது கண்ணீரா? ரெண்டும் ஒரே தப்புதான் சார். நான் எங்க வேலிய அழறதுக்காகச் சொல்லல. நாடு எப்படித் தப்பு பண்ணுதுன்னு காட்டறதுக்காகச் சொன்னேன். எங்க ஊரப் பத்தி எழுத நிறையப் பேர் வர்றாங்க, கேமராவோட வர்றாங்க, நல்லா எழுதறாங்க. எங்க ஊர்லருந்து ஒருத்தி நாட்டப் பத்தி எழுத வரக்கூடாதா?"

என் குரல் உயர்ந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். தாழ்த்திக்கொள்ளவில்லை.

தலைவர் தன் குறிப்பைப் புரட்டினார். "போன வாரம் சவுண்டுன்னு ஒண்ணு சொன்னீங்க. நாங்க சிரிச்சுட்டோம். அத விளக்குங்க."

புத்தகத்தில் அதற்கு 'அச்சுறுத்தித் தடுத்தல்' என்று பெயர், அந்தச் சொல்லையே ஆய்வில் பயன்படுத்துவேன் என்றேன். "ஆனா எங்க ஊர்ல சவுண்டு வேற, ஸ்கெட்ச் வேற மேடம். ஸ்கெட்ச் போடறவன் வாயத் தொறக்க மாட்டான், அவனுக்கு அடிக்கணும். சவுண்டு உடறவனுக்கு அடிக்க வேணாம், எதிராளி ஒதுங்கிப் போனாப் போதும். பிரச்சினை எங்க வரும்னா, டீக்கடைல பத்துப் பேர் முன்னாடி சவுண்டு உட்டுட்டான்னா, எதிராளியும் ஒதுங்கலன்னா, அடிக்க மனசில்லாதவனும் அடிச்சே ஆகணும். இல்லன்னா நாளைக்கு அந்தக் கடைக்கு டீ குடிக்க வர முடியாது. நாடுகளும் சொந்த ஜனங்க முன்னாடிதான் மேடம் சவுண்டு உடுது. யாரு கேக்கறாங்கங்கறதப் பொறுத்து உத்தி மாறுது. எதிரிய மட்டும் பாத்துத் தேர்ந்தெடுக்கறதில்ல. இது என் மூணாவது அத்தியாயம்."

இந்த முறையும் ஒருவர் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"இதுக்கெல்லாம் ராணுவ ஆவணங்கள் வேணும். வெளிநாட்டுக்குப் போகணும். உங்களால முடியுமா?" என்றார் மூத்தவர்.

"ரகசியக் காலம் முடிஞ்சு வெளியான ஆவணங்கள் கணினிலயே கெடைக்குது சார். மத்ததுக்கு போக வேண்டியிருந்தா போவேன்."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் தென்சீனக் கடல் மாணவன் உட்கார்ந்திருந்தான். கட்டணம் கட்ட வந்திருந்தான். "உன் டாப்பிக் சேஞ்ச் பண்ணிட்டியா?" என்றான். இல்லை என்றேன். "ரிஸ்க்குப்பா" என்றான். அவனுக்கு அந்த ரிஸ்க் ஏன் வரவில்லை என்று அவனிடம் கேட்டிருக்கலாம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்கவில்லை.

நெறியாளர் வெளியே வந்தபோது அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. மூத்தவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லையாம். என் ஆய்வுக் குழுவில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தலைவரும் மற்றவர்களும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். "தலைப்பு அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் உன்ன வறுத்து எடுப்பாங்க, தயாரா இரு" என்றார். வறுக்கட்டும். தென்சீனக் கடலை வறுப்பது போலவே வறுத்தால் போதும், குறைத்து வறுத்தால்தான் எனக்கு அவமானம்.

நைனாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னோக்கி வருகிற சத்தமும் அவர் விசிலும் கேட்டன.

"இன்னா சொன்னாங்க?"

"ஒத்துக்கினாங்க நைனா."

"எத்த? நம்ம ஊரு கதையவா?"

"இல்ல. நாட்டு கதைய."

அவர் விசில் ஊதி லாரியை நிறுத்தினார். பிறகு, "நம்ம வேலிய சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"மாட்டுக்குத்தான் போட்டேன்னு சொன்னியா?"

"அதையும் சொன்னேன் நைனா."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமா வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, என்னையும் அவரையும் பார்த்தபடி நிலைப்படியில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அவரிடம் பதில் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"காலேஜ்ல ஒத்துக்கினாங்க. நான் சொன்ன சொல் மாற மாட்டேன்" என்று அம்மாவே மாமாவிடம் சொன்னாள். எனக்குச் சொல்ல வேலை வைக்கவில்லை.

மாமா டீயை ஒரே மடக்கில் குடித்தார். "சரி, அந்தப் பையனுக்கு நான் இன்னா சொல்லட்டும்? பொண்ணு புடிக்கலன்னு சொல்லிச்சின்னு சொல்லட்டா?"

"அப்பிடி சொல்லாத மாமா. கேக்கற வேலைல சேந்துட்டேன்னு சொல்லு. அவுருக்குப் புரியும்."